அம்மாவை ‘அமைதி’யாக்கும் மாத்திரை: மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து?

இரவு 2 மணி. 78 வயது அம்மா வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருக்கிறார். “என்னை விடுங்க, நான் என் வீட்டுக்குப் போகணும்” என்கிறார். அவர் நிற்பது 30 வருஷமாக அவர் வாழ்ந்துவரும் சொந்த வீடு. தடுக்கப் போன மகனுக்குக் கையில் அடி விழுகிறது. மகனுக்குக் காலை 9 மணிக்கு லாக்-இன். மருமகள் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். இப்படியே பத்து ராத்திரி போனால், டாக்டரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கும்: “நைட்ல தூங்கினா போதும் டாக்டர்.”

ஒரு சின்ன மாத்திரை எழுதப்படுகிறது. அது வேலையும் செய்கிறது. அம்மா தூங்குகிறார், வீடும் தூங்குகிறது. மூன்று வாரம் கழித்துப் பகலிலும் தூங்குகிறார். சாப்பாட்டை வாயிலேயே வைத்திருக்கிறார். நடை தளர்கிறது. ஒருநாள் பாத்ரூமில் விழுகிறார். “நோய் முத்திடுச்சு, வயசாச்சு இல்ல” என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். நோய்தான் முற்றியதா, இல்லை மாத்திரையின் வேலையா என்ற கேள்வி வருவதே இல்லை.

டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ளவர்கள் வாழும் பல வீடுகளுக்கு இது பழகிய கதைதான். அந்தக் கேள்வியை ஏன் கேட்டே ஆக வேண்டும் என்று பார்க்கலாம்.

எந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

மூன்று வகை முக்கியம்.

முதலாவது, ‘ஆன்டிசைக்காட்டிக்’ மருந்துகள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், க்யூட்டியாபின் போன்றவை இதில் வரும். மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்களுக்காக உருவாக்கப்பட்டவை. மறதிநோயில் வரும் கோபம், அலைச்சல், சந்தேகம், கத்தல் ஆகியவற்றை அடக்கவும் இவை தரப்படுகின்றன.

இரண்டாவது, பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமான மாத்திரைகள். அல்பிரசோலம், குளோனசெபாம், சோல்பிடெம் போன்றவை.

மூன்றாவது வகையை யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள். ஜலதோஷ மாத்திரை, அரிப்பு மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாமைக்கான மாத்திரை போன்றவற்றில் சில, மூளையின் ஞாபக ரசாயனத்தையே மட்டுப்படுத்துபவை. இவற்றுக்குப் பிறகு வருவோம்.

ஆபத்து எவ்வளவு? எண்கள் என்ன சொல்கின்றன?

இது புதுச் செய்தி கிடையாது என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்துவிட்டது. மறதிநோய் உள்ள முதியவர்களிடம் நடந்த 17 ஆய்வுகளை அது சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலும் 10 வாரம் நீடித்த அந்த ஆய்வுகளில், வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 2.6% பேர் இறந்திருந்தார்கள். ஆன்டிசைக்காட்டிக் சாப்பிட்டவர்களில் அது சுமார் 4.5%. அதாவது மரண அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு. காரணங்களில் பெரும்பாலானவை இதயக் கோளாறு அல்லது நிமோனியா போன்ற தொற்று. உடனே மருந்தின் தகவல் தாளில் கருப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. 2008-ல் இந்த வகையின் பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை நீட்டிக்கப்பட்டது.

2024 ஏப்ரலில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வு, படத்தை இன்னும் பெரிதாக்கியது. இங்கிலாந்தில் மறதிநோய் உள்ள 1,73,910 பேரின் மருத்துவப் பதிவுகளை மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு அலசியது. ஆன்டிசைக்காட்டிக் எடுத்துக்கொண்டிருந்தவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டபோது தெரிந்தவை:

• நிமோனியா அபாயம் சுமார் 2.2 மடங்கு
• திடீர் சிறுநீரகப் பாதிப்பு 1.7 மடங்கு
• ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், பக்கவாதம் இரண்டும் தலா 1.6 மடங்கு
• எலும்பு முறிவு 1.4 மடங்கு
• மாரடைப்பு, இதயச் செயலிழப்பு தலா சுமார் 1.3 மடங்கு

மடங்குக் கணக்கு புரியவில்லையா? ஆய்வாளர்களே எளிமையாக ஒரு கணக்கு தந்திருக்கிறார்கள். முதல் 6 மாதத்தில், இந்த மருந்து தரப்படும் ஒவ்வொரு 9 பேருக்கும் கூடுதலாக ஒருவருக்கு நிமோனியா வரலாம். மருந்து ஆரம்பித்த புதிதில்தான் பல அபாயங்கள் உச்சத்தில் இருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. இது பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு. ஏற்கெனவே உடம்பு மோசமாக இருந்தவர்களுக்கே இந்த மாத்திரை அதிகம் தரப்பட்டிருக்கலாம். நிமோனியா தொடங்கியதால் வந்த குழப்பத்துக்குத்தான் மாத்திரையே எழுதப்பட்டிருக்கலாம். அதனால் எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது. ஆனாலும் எஃப்.டி.ஏ. பார்த்தது போலி மாத்திரையோடு ஒப்பிட்ட நேரடிச் சோதனைகளை. இரண்டும் ஒரே திசையில்தான் கை காட்டுகின்றன.

தூக்க மருந்துக்கும் நிமோனியாவுக்கும் என்ன சம்பந்தம்?

அரைத்தூக்கத்தில் இருப்பவரால் சரியாக விழுங்க முடியாது. மறதிநோய் முற்றும்போது விழுங்கும் திறன் ஏற்கெனவே குறைந்துகொண்டே வரும். காபியோ கஞ்சியோ, எச்சிலோகூட, உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பலமாக இருமி வெளியே தள்ள விழிப்பு வேண்டும். அதைத்தான் மாத்திரை குறைத்திருக்கிறது. உள்ளே போனது நுரையீரலில் தங்கித் தொற்றாகிறது.

விழுவதற்கும் காரணம் உண்டு. இந்த மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுப்பவை. நம் அசைவுகளைச் சீராக வைப்பதும் அதே டோபமைன்தான். அது குறைந்தால் உடம்பு விறைக்கும், கை நடுங்கும், கால் தரையை உரசும். சில மருந்துகள் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். இரவில் பாத்ரூமுக்கு எழும் முதியவருக்கு இந்த இரண்டுமே சேர்ந்து வந்தால், இடுப்பெலும்பு முறிவு வரை போகும்.

தூக்கத்துக்கான அல்பிரசோலம் வகையும் பாதுகாப்பான மாற்று வழி ஆகிவிடாது. குழப்பத்தை அதிகமாக்குவது, விழ வைப்பது இரண்டையும் அதுவும் செய்யும். சிலருக்குத் தூக்கத்துக்குப் பதிலாக எதிர்விளைவாகக் கிளர்ச்சியே கூடும். முதியோருக்குக் கூடிய வரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான ‘பியர்ஸ் அளவுகோல்’ 1991-ல் முதலில் வெளியானது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-ல் புதுப்பித்த பதிப்பிலும் இந்த வகைகள் எல்லாமே இருக்கின்றன.

மாத்திரைக்கு மேல் மாத்திரை

இந்தியக் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்து தருவதை மருத்துவ உலகம் ‘மருந்துத் தொடர்’ என்கிறது. இப்படித்தான் நடக்கும்:

மறதிநோய்க்கு டோனெபெசில் தரப்படுகிறது. ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூளையில் குறையாமல் பார்ப்பது அதன் வேலை. அதன் பக்கவிளைவாகச் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். வேறொரு டாக்டரிடம் காட்டுகிறார்கள். அவர் ஆக்சிபியூட்டினின் எழுதுகிறார். இது அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. ஒரு கால் ஆக்சிலேட்டரில், இன்னொரு கால் பிரேக்கில்! குழப்பம் கூடுகிறது. இப்போது அந்தக் குழப்பத்துக்கு ரிஸ்பெரிடோன். அதனால் கை கால் விறைக்கிறது. விறைப்புக்கு ட்ரைஹெக்சிஃபெனிடில். அதுவும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துதான். ரிஸ்பெரிடோனும் ட்ரைஹெக்சிஃபெனிடிலும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன.

இந்த ரசாயனத்தைத் தடுக்கும் மருந்துகள் வீட்டு மருந்து டப்பாவிலேயே ஒளிந்திருக்கும். பல ஜலதோஷ மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின், சில இருமல் சிரப்புகளில் உள்ள டைபென்ஹைட்ரமின், அரிப்புக்கான ஹைட்ராக்சிசின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் எல்லாம் இதே ரகம்தான். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். இளைஞருக்கு ஒருநாள் தூக்கக் கலக்கத்தோடு போய்விடும். மறதிநோய் உள்ளவருக்கு ஆள் அடையாளமே தெரியாத குழப்பம் வரை கொண்டுபோகலாம்.

ஆபத்து தெரிந்தும் ஏன் எழுதப்படுகிறது?

ஒரு பங்கு, வணிகம். ரிஸ்பெரிடோனை மறதிநோய் முதியவர்களுக்கு, அனுமதி இல்லாத பயன்பாட்டுக்காக விளம்பரப்படுத்தியது உள்ளிட்ட வழக்குகளில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2013-ல் அமெரிக்காவில் 220 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது. ஓலன்சபின் தொடர்பாக இதே போன்ற வழக்கில் எலி லில்லி நிறுவனம் 2009-ல் 141.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

எல்லாவற்றையும் நிறுவனங்கள் மேல் போட்டுவிடவும் முடியாது. நெரிசலான ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். “ஏன் இப்படி நடந்துகொள்கிறார்?” என்று துருவிக் கண்டுபிடிக்க அது போதாது. மாத்திரை எழுதப் போதும். வீட்டிலோ ஆள் இல்லை. பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ, தூக்கம் இல்லாமல் தானே நோயாளி ஆகும் நிலையில் இருக்கிறார். அந்த மாத்திரை பெரும்பாலும் அம்மாவின் பெயரில் எழுதப்பட்டாலும், அது தீர்ப்பது வீட்டின் களைப்பை. மாற்று ஏற்பாடு எதுவும் தராமல் குடும்பத்தைக் குற்றவாளி ஆக்குவது நியாயம் ஆகாது.

கோபம் என்பது புகாராகவும் இருக்கலாம்

நார்வேயில் 18 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் பி.எம்.ஜே. இதழில் வெளியானது. மறதிநோயோடு கிளர்ச்சியும் இருந்த 352 பேரில் ஒரு பிரிவினருக்கு, 8 வாரம் முறையான வலி சிகிச்சை தரப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோருக்குக் கொடுக்கப்பட்டது சாதாரண பாராசிட்டமால். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களிடம் கிளர்ச்சி 17% குறைந்தது.

காரணம் எளிமையானது. “முட்டி வலிக்குது” என்று சொல்லும் மொழியை நோய் பறித்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அதனால் அவர் கத்துகிறார், தொட்டால் அடிக்கிறார்.

வலியைப் போலவே சிறுநீர்த் தொற்று, நாலு நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, பல் வலி, காது கேட்காதது, புதிதாகச் சேர்த்த மருந்து எல்லாமே இப்படி வெளிப்படலாம். சர்க்கரை நோயாளி என்றால் இன்னொன்றும் உண்டு. சாப்பிட மறந்துவிட்டு மாத்திரை மட்டும் போட்டாலோ, போட்டதை மறந்து இரண்டாவது தடவை போட்டாலோ, ரத்தச் சர்க்கரை தாழ்ந்து அதுவே ஆவேசமாகத் தெரியும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ நடத்தை திடீரென்று மாறினால், அது மறதிநோய் முற்றியதன் அறிகுறி என்று முடிவு கட்டக் கூடாது. டாக்டர்கள் இதை ‘டெலிரியம்’ என்பார்கள். அடிப்படைக் காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டிய அவசர நிலை அது. அந்த நேரத்தில் மயக்க மாத்திரை மட்டும் கொடுத்தால், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். வெளியே வீடு அமைதியாக இருக்கும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பிரிட்டன் அரசுக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009-ல் தந்த அறிக்கை அங்கே திருப்புமுனை. ஆண்டுக்குச் சுமார் 1,80,000 மறதிநோயாளிகளுக்கு ஆன்டிசைக்காட்டிக் தரப்படுகிறது. பலன் கிடைப்பது சுமார் 36,000 பேருக்கு. கூடுதலாக ஏற்படும் மரணங்கள் ஏறத்தாழ 1,800 என்று அது மதிப்பிட்டது. அதன் பின் நடந்த தேசியத் தணிக்கையில், மறதிநோயாளிகளில் இந்த மருந்து பெறுபவர்களின் விகிதம் 2006-ல் இருந்த சுமார் 17 சதவீதத்திலிருந்து 2011-ல் 7 சதவீதத்துக்குக் கீழே வந்தது தெரிந்தது. எண்ணத் தொடங்கியதும் எண்ணிக்கை இறங்கியது.

அமெரிக்கக் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் எத்தனை சதவீதம் பேருக்கு இந்த மருந்து தரப்படுகிறது என்பதை அரசு வெளிப்படையாகப் போடுகிறது. மனச்சிதைவு நோய் இருப்பவர்களுக்குக் கணக்கில் விலக்கு. 2021-ல் நியூயார்க் டைம்ஸ் இதைத் தோண்டியபோது, இல்லவாசிகளில் 9 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று பதிவாகியிருந்தது தெரியவந்தது. பொதுமக்களில் அது ஏறத்தாழ 150 பேரில் ஒருவருக்குத்தான்! மருந்தைக் குறைப்பதற்குப் பதிலாகச் சில இடங்களில் நோயின் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். 2023-ல் இதற்கென்றே தணிக்கை தொடங்கியது.

இந்தியாவில் நிலைமை என்ன?

2023-ல் வெளியான லாசி-டேட் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4% பேருக்கு மறதிநோய் இருக்கிறது. அதாவது சுமார் 88 லட்சம் பேர். 2036-க்குள் இது 1.69 கோடி ஆகலாம் என்பது அதே ஆய்வின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் முதியோர் விகிதம் அதிகம் உள்ளவற்றில், கேரளாவுக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிசைக்காட்டிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் ‘ஹெச்-1’ பட்டியலில் உள்ளன. யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு என்று மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனா, நடைமுறையில் எத்தனை வீடுகளில் பழைய சீட்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி “அதே மாத்திரை இன்னும் ஒரு மாசத்துக்கு” என்று வாங்குகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு வாரத்துக்கு எழுதிய மாத்திரை இரண்டு வருஷம் ஓடுவது இந்த வழியில்தான்.

அமெரிக்காவைப் போல இல்லம் வாரியாகக் கணக்கு வெளியிடும் ஏற்பாடும் இங்கே இல்லை. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வரும் மாநிலத்தில், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து “இது இன்னும் தேவையா?” என்று கேட்கும் ஆளும் வீடு தேடி வர வேண்டும். அடுத்த படி அதுதான்.

சரி, அப்படின்னா மாத்திரையே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படும் அபாயம் இருந்தாலோ, பயங்கர மாயத்தோற்றங்களால் அவரே கடுமையாகத் தவித்தாலோ மருந்து தேவைப்படலாம். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நிபந்தனைகளோடு: மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த காலம், 6 வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை, பலன் இல்லை என்றால் நிறுத்தம். அல்சைமர் நோயில் வரும் கிளர்ச்சிக்கென்று எஃப்.டி.ஏ. 2023-ல் முதன்முதலாக அனுமதித்த பிரெக்ஸ்பிப்ரசோல் மருந்தின் மேலும் அதே கருப்புக் கட்ட எச்சரிக்கை இருக்கிறது.

இரண்டு விஷயம் ரொம்ப முக்கியம். ஒன்று, ‘லூயி பாடி’ என்ற வகை மறதிநோய் உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்றவை உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லாத மனிதர்கள் கண்ணில் தெரிவது, உடல் விறைப்பு, நாளுக்கு நாள் மாறும் தெளிவு ஆகியவை இதன் அடையாளங்கள். இது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு, இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீங்க. முக்கியமாகத் தூக்க மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரை போகலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க 5 கேள்விகள்

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சிரப், களிம்பு, சித்த மருந்து உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. பிறகு கேளுங்கள்:

1. இந்த நடத்தை மாற்றத்துக்கு வலி, தொற்று, மலச்சிக்கல், புது மருந்து ஏதாவது காரணமா என்று பார்த்துவிட்டோமா?
2. இந்த மாத்திரை எந்தப் பிரச்சினைக்கு? பலன் தருகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
3. என்ன பக்கவிளைவு தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டும்?
4. இந்தப் பையில் உள்ளவற்றில் ஞாபகத்தைக் கெடுப்பது எது? எதை நிறுத்தலாம்?
5. இதை எந்தத் தேதியில் நிறுத்திப் பார்க்கப் போகிறோம்?

ஐந்தாவது கேள்விக்கான பதிலை மருந்துச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பராமரிப்பவர்கள் பேச முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு டெலி-மனாஸ் 14416. மருந்தின் பக்கவிளைவைப் பொதுமக்களே புகாரளிக்க 1800-180-3024.

வீட்டிலும் ஒரு சின்ன நோட்டு போதும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, வெளிக்கிப் போய் எத்தனை நாள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். “நைட்ல தூங்கவே மாட்டேங்கறாங்க” என்பதைவிட, “நாலு நாளா மோஷன் போகல, அன்னைலேர்ந்துதான் இப்படி” என்ற ஒரு வரி டாக்டருக்கு அதிகம் உதவும். இரவு 2 மணிக்குத் தாழ்ப்பாளை இழுக்கும் அம்மாவால் அந்த வரியைச் சொல்ல முடியாது. அவருக்காக வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும்.